வட்டியும் வரிசையும்

வட்டி உயர்ந்தால் முதலீடு குறையும் என்று தேர்வுத் தாளில் எழுதாத பொருளியல் மாணவர் நம்மிடையே உண்டா? நானும் எழுதியவன்தான். ரொனால்ட் மெக்கின்னன் 1973-இல் வெளியிட்ட 'பொருளாதார வளர்ச்சியில் பணமும் மூலதனமும்' என்ற நூல்தான் என்னை ஐயுற வைத்தது.

கனடாவில் 1935-இல் பிறந்த இவர், 1961 முதல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர், 2014-இல் மறைந்தார். அவர் வாதம் எளியது. கடன் கிடைக்காத சிறு உழவன் ஒரு பம்புசெட் வாங்க வேண்டுமாயின் முதலில் தானே பணம் சேர்த்தாக வேண்டும். விலைவாசி நூற்றுக்கு இருபது ஏறும் நாட்டில் வங்கி பத்து வட்டி கொடுத்தால் அவன் சேமிப்பு கரைந்து போகும். ஆகவே நெல்லாகவும் நகையாகவும் முடக்குகிறான். மலிவான வங்கிக் கடனோ செல்வாக்குள்ளோரைச் சென்றடைகிறது! இந்நிலையையே அவரும் உடன் பணியாற்றிய எட்வர்ட் ஷாவும் 'நிதி அடக்குமுறை' என்றனர். தென்கொரியா 1965-இல் வைப்புகளுக்கான வட்டியை 15 விழுக்காட்டிலிருந்து 30 ஆக உயர்த்தியபோது, மக்கள் பணம் வங்கிகளுக்கு விரைந்து வந்தது.

அப்படியானால் எல்லாக் கதவுகளையும் ஒரே நாளில் திறந்துவிடலாமா? கூடாது என்றார். 1991-இல் எழுதிய நூலில் ஒரு வரிசை வகுத்தார்: அரசின் பற்றாக்குறை முதலில் அடங்க வேண்டும், பிறகே வட்டிக்கு விடுதலை, அந்நிய மூலதனத்துக்குக் கதவு திறப்பது கடைசியில்.

தாய்லாந்து இவ்வரிசையை மீறியது. அந்நாட்டு நிதி நிறுவனங்கள் டாலரில் குறுகிய காலக் கடன் வாங்கி, உள்நாட்டு நாணயமான பாட்டில் கட்டடங்களுக்கு நீண்ட காலக் கடன் கொடுத்தன. டாலருக்குச் சுமார் 25 பாட் என்றிருந்த மாற்று விகிதம் 1997 ஜூலை 2-இல் கைவிடப்பட்டது. 1998 ஜனவரியில் அது 50-ஐத் தாண்டியது. புதிதாக ஒரு காசும் வாங்காதவன் கடன், பாட் கணக்கில், இரு மடங்காயிற்று!

இதன் பின்னரும், ஆசிய நாணயங்கள் டாலரோடு நிலையாக இணைந்திருப்பதே நல்லது என்றார் மெக்கின்னன். இங்கேதான் என் மனம் அவரோடு வழக்காடுகிறது. விகிதம் மாறாது என்ற நம்பிக்கையால் அல்லவா அவர்கள் துணிந்து கடன் வாங்கினார்கள்? வங்கி மூழ்கினால் அரசு கைதூக்கிவிடும் என்ற எதிர்பார்ப்பே குற்றவாளி என்பது அவர் விடை. அது பாதி உண்மை என்றே எனக்குப் படுகிறது.