எண்ணும் பொருளும்: கீற்றோன் அளவீடு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

மாப்பொருளை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்து உண்ணும் ‘கீற்றோ’ உணவுமுறை, அண்மைக் காலத்தில் உலகின் பல நாடுகளிலும் நடுத்தர வர்க்கத்தினரிடையே பரவியுள்ளது. இதனைப் பின்பற்றுவோருட் பலர் தம் உடலிற் கீற்றோன் எவ்வளவு உள்ளதென நாள்தோறும் அளந்து பார்க்கின்றனர். விரல் நுனியிற் குத்தியெடுத்த துளிக் குருதி, சிறுநீரில் நனைத்த பட்டி, ஊதிப் பார்க்கும் கருவி என்பன அவர்தம் அன்றாட வாழ்வின் அங்கங்களாகிவிட்டன. இவ்வாறு அளத்தல் வேண்டுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினாவாகும்.

இலக்கிய ஆய்வில் ஈடுபடும் நாம் இவ்விடயத்திற் புகுவது பொருந்துமா எனச் சிலர் கேட்கலாம். மருத்துவ உண்மைகளை மருத்துவ ஆய்வுகளிலிருந்தே நாம் பெறுகின்றோம். ஆனால், ஓர் எண் எச்சூழலில், யாருக்கு, எதன் பொருட்டுப் பொருளுடையதாகின்றது என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய வினாவன்று. செய்யுளின் சீரையும் அசையையும் எண்ணிவிட்டால் கவிதையின் மதிப்பைக் கண்டுவிடலாம் என்று கருதியோருடன் நீண்டகாலம் வாதிட்டு வந்த திறனாய்வுத் துறைக்கு அது பழகிய வினாவேயாகும்.

1

கீற்றோனை இனங்காணும் முயற்சி, மரணத்தை முன்னறியும் முயற்சியாகவே தோன்றியது. 1857இல் பெற்றேர்சு என்பவர் நீரிழிவு நோயாளி ஒருவரின் சிறுநீரில் அசற்றோனைக் கண்டறிந்தார். 1874இல் யேர்மானிய மருத்துவர் குசுமவுல், நீரிழிவினால் உணர்விழந்து இறக்கும் நோயாளரிடத்துக் காணப்படும் ஆழ்ந்த, இளைப்புற்ற மூச்சினை விவரித்தார். இன்சுலின் அறியப்படாத அக்காலத்தில், சிறுநீரிற் கீற்றோன் பெருகுவது மருத்துவரை அஞ்சவைக்கும் குறியாயிருந்தது. இன்றோ அதே பொருள் பெருகுவதை வெற்றியின் அடையாளமாகக் கொண்டாடுகின்றனர். பொருளின் இரசாயன அமைப்பு மாறவில்லை. அது இடம்பெறும் உறவுகளே மாறியுள்ளன.

குளுக்கோசு போதியளவு கிடைக்காதபோது ஈரலானது கொழுப்பமிலங்களிலிருந்து கீற்றோன்களை ஆக்குகின்றது. அசற்றோஅசற்றேற்று, பீற்றா ஐதரொட்சிபியூற்றிரேற்று, அசற்றோன் என அவை மூவகைப்படும். முன்னைய இரண்டும் எரிபொருளாகப் பயன்படுவன. மூன்றாவது பெரும்பாலும் மூச்சின் வழியே வெளியேறுவது. நீடித்த பட்டினியின்போது மூளைக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியைக் கீற்றோன்களே வழங்குகின்றன என்பதை யோர்ச் கேகில் முதலியோர் 1967இல் வெளியிட்ட ஆய்வு புலப்படுத்திற்று. ஆகவே, கீற்றோன் என்பது அடிப்படையிற் பஞ்சத்தையும் பட்டினியையும் கடந்து வாழ மனித உடல் கண்ட வழியாகும்.

வழமையாக உண்பவரின் குருதியில் இதன் செறிவு லீற்றருக்கு 0.5 மில்லிமோலிலும் குறைவானது. இவ்வுணவுமுறையை ஆதரிக்கும் பின்னி, வோலக் ஆகியோர் 2011இல் வெளியிட்ட நூலில் 0.5 முதல் 3.0 வரையான வீச்சினை விரும்பத்தக்கதெனக் கொண்டனர். பல வாரம் நீடிக்கும் பட்டினியில் அது 5 முதல் 7 வரை உயரக்கூடும். நீரிழிவு நோயாளரிடத்தோ, 3.0 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுடன் குருதியின் அமிலத்தன்மையும் மிகுமாயின், அது உயிராபத்தான கீற்றோஅமிலவேற்றமாகும். இன்சுலின் சுரக்கும் உடலில் 3.0 என்பது பெரும்பாலும் தீங்கற்றது. இன்சுலின் அற்ற உடலில் அதே எண் மரணத்தின் வாயிற்படி. பணங்கொடுத்து உடல் மெலிவிப்பவருக்கும், உண்ண ஏதுமின்றி வாடுபவருக்கும் கருவி ஒரே எண்ணைக் காட்டக்கூடும். எண் தன்னளவிற் பேசுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

2

இவ்வுணவுமுறை உடல் மெலிவிற்கென வகுக்கப்பட்டதன்று. 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த றசல் வைல்டர், வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக இதனை முன்மொழிந்து பெயரும் இட்டார். உண்ணாநோன்பு வலிப்பினைத் தணித்தமை அதற்கு முன்னரே அவதானிக்கப்பட்டிருந்தது. பட்டினி கிடக்காமலே பட்டினியின் விளைவைப் பெறுவதே அவரது நோக்கமாயிருந்தது. 1938இல் பெனிற்றொயின் எனும் மருந்தின் பயன் தெரியவந்தபின் இச்சிகிச்சை பின்தள்ளப்பட்டது. எனினும் மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்புடைய சிறுவர்க்கு அது மீண்டும் பயன்படலாயிற்று. 2008இல் இலண்டனில் 145 சிறுவரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. உணவுமுறையைப் பின்பற்றிய குழுவில் 38 சதவீதத்தினருக்கு வலிப்பு அரைவாசிக்கு மேற் குறைந்தது. மற்றைய குழுவில் 6 சதவீதத்தினருக்கே அவ்வாறு நிகழ்ந்தது.

இச்சிறுவரிடத்துக் கீற்றோனை அளப்பதற்குத் தெளிவான நோக்கமுண்டு. உணவின் விகிதம் சரியாக உள்ளதா, அளவுக்கு மிஞ்சி உயர்கின்றதா என்பனவற்றை அறிந்து மருத்துவரும் உணவியலாளரும் உணவை மாற்றியமைக்கின்றனர். அளவீடு ஒரு முடிவிற்கு இட்டுச்செல்கின்றது. முடிவு ஒரு குழந்தையின் நலனுக்கு இட்டுச்செல்கின்றது.

3

உடல் மெலிய விரும்பும் ஏனையோர் நிலை வேறு. அவர்தம் இலக்கு கொழுப்புக் குறைவதேயன்றிக் கீற்றோன் கூடுவதன்று. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுவதே பிழையின் தோற்றுவாய். குருதியிற் காணும் கீற்றோன், உடலிற் சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். சற்று முன் உண்ட வெண்ணெயிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். கருவி அவ்வேறுபாட்டை அறியாது. இன்னும், கடைகளில் விற்கப்படும் கீற்றோன் பானத்தைப் பருகினாலே எண் உயரும். அதனால் ஒரு துளிக் கொழுப்பும் கரைவதில்லை.

ஆய்வுகளும் இதனையே உணர்த்துகின்றன. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹோல் முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 17 ஆடவர் ஆய்வுகூடத்திலே தங்கவைக்கப்பட்டனர். மாப்பொருள் மிகுந்த உணவின் பின் அதேயளவு கலோரி கொண்ட கீற்றோ உணவு அவர்க்கு அளிக்கப்பட்டது. கீற்றோன் உயர்ந்தது, உடற்கொழுப்பின் இழப்போ விரைவுபடவில்லை. 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 20 பேர் இருவகை உணவையும் இவ்விரு வாரம் விரும்பியவாறு உண்டனர். கொழுப்புக் குறைந்த தாவர உணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாக உண்டனர். உடற்கொழுப்புக் குறிப்பிடத்தக்கவாறு குறைந்ததும் அவ்வுணவின்போதே. இவை குறுகியகால ஆய்வுகளே. இவற்றைக்கொண்டு கீற்றோ உணவு எவர்க்கும் பயன்படாதென முடிவுகட்டல் தவறு. மாப்பொருளைக் குறைத்துப் பசியடங்கி எடை குறைந்தோர் பலருளர். ஆனால் கீற்றோனின் எண்ணை எடைக்குறைவின் அளவுகோலாகக் கொள்வதற்கு ஆதாரமில்லை என்பது துணிபு. அதற்கு எடைத் தராசும் இடுப்பளவு நாடாவுமே போதுமானவை.

அவ்வாறாயின் அளக்கும் வழக்கம் ஏன் பெருகுகின்றது? மனிதரிடையேயான உறவுகள் பண்டங்களின் இயல்புகள் போன்று தோற்றமளிப்பதை மார்க்சு தமது ‘மூலதனம்’ நூலின் முதற் பாகத்தில் (1867) பண்ட வழிபாடு எனச் சுட்டினார். இங்கும் அதனையொத்த மயக்கமொன்றைக் காண்கின்றோம். உழைப்பு, ஓய்வு, வருமானம், உணவின் விலை ஆகியவற்றால் உருவாகும் உடல்நலம், ஒரு சிறு கருவியின் திரையில் எண்ணாகச் சுருங்கிவிடுகின்றது. எண் தாழ்ந்தால் அது தனிமனிதனின் தோல்வியாகிறது. தோல்வியைப் போக்க மேலும் ஒரு பட்டி, மேலும் ஒரு பானம் வாங்கப்படுகின்றது. கருவி ஒருமுறையே விற்கப்படுவது. பட்டியோ ஒருமுறை பயன்படுத்தியதும் எறியப்பட்டு மீண்டும் மீண்டும் வாங்கப்படுவது. பயன்மதிப்பு முடிந்த இடத்திலும் பரிவர்த்தனை மதிப்பு தொடர்ந்து இயங்குகின்றது.

இவ்விடத்து ஓர் எதிர்வாதத்தையும் நோக்குதல் தகும். தொடக்க நாட்களில் எந்த உணவு தம்மைக் கீற்றோன் நிலையிலிருந்து வெளியேற்றுகின்றது என அறிய அளவீடு உதவுகின்றதென்பர். அது நியாயமானதே. சில வாரம் அளந்து, தம் உணவின் எல்லையை அறிந்து, பின்னர் நிறுத்திவிடுவோர் கருவியைக் கருவியாகவே பயன்படுத்துகின்றனர். ஆனால் சிறுநீர்ப் பட்டியின் குறைபாட்டை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அதன் இரசாயனத் தாக்கம் அசற்றோஅசற்றேற்றையே காட்டும். குருதியில் மிகுதியாக உள்ள பீற்றா ஐதரொட்சிபியூற்றிரேற்றைக் காட்டாது. நிறைய நீர் அருந்தினாலே நிறம் வெளிறிவிடும். நம்பத்தக்கது குருதிப் பரிசோதனையே.

4

எனினும், அளத்தலைத் தவிர்க்கவே கூடாதோரும் உளர். முதலாம் வகை நீரிழிவுடையோர், காய்ச்சலோ வாந்தியோ ஏற்படும்போதும், குருதிக் குளுக்கோசு மிக உயரும்போதும் கீற்றோனை அளத்தல் இன்றியமையாதது. இரண்டாம் வகை நீரிழிவுக்காக எம்பாகிளிபுளொசின், டபாகிளிபுளொசின் போன்ற மருந்துகளை உட்கொள்வோர்க்கு மற்றோர் இடருண்டு. இம்மருந்துகளாற் கீற்றோஅமிலவேற்றம் ஏற்படக்கூடும் என 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இந்நிலையிற் குளுக்கோசு அதிகம் உயராமலே அமிலவேற்றம் நிகழலாம்; ஆகவே சீனியை மட்டும் அளந்து ஆறுதலடைவோர் ஏமாறுவர். மாப்பொருளைக் கடுமையாகக் குறைப்பது இவ்விடரைப் பெருக்கும். இத்தகையோர் மருத்துவரைக் கலந்தாலோசியாது இவ்வுணவுமுறையைத் தொடங்கலாகாது. குமட்டல், வயிற்றுவலி, மூச்சிளைப்பு என்பன தோன்றினால் எண் என்னவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். கருப்பவதிகளும் பாலூட்டும் தாய்மாரும் இவ்வுணவுமுறையைத் தவிர்ப்பதே நன்று. அவர்தம் உடலிற் கீற்றோன் விரைந்து உயரக்கூடும்.

முரண்பாடு இங்கேதான் கூர்மையடைகின்றது. எவர்க்கு அளவீடு தேவையில்லையோ அவர் கையிலே கருவியும் பட்டியும் நிறைந்துள்ளன. எவர்க்கு அஃது உயிர்த்தேவையோ அவருட் பலர்க்கு அதனை வாங்க வசதியில்லை. இலவச மருத்துவத்தைக் கொள்கையாகக் கொண்ட இலங்கையிலும், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது அரசாங்க மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு நிலவியதை நாமறிவோம். சந்தை தேவையை நோக்குவதில்லை. கொள்வனவுச் சக்தியையே நோக்குகின்றது.

ஆதலின், அளத்தல் வேண்டுமா எனும் வினாவுக்கு ஒரே விடை கிடையாது. அளந்தறிந்த எண்ணாற் செய்யத்தக்க செயலொன்று உளதா என்பதே முதற்கண் கேட்கத்தக்கது. செயல் உளதேல் அளத்தல் அறிவு. இலதேல் அது வழிபாடு. வலிப்புடைய குழந்தைக்கும் இன்சுலினை நம்பி வாழும் நோயாளிக்கும் அப்பட்டி கிடைக்கச் செய்வது சமூகத்தின் கடமை. நலமுடன் இருந்து எடை குறைக்க விழைவோர் அதனை வாங்காதிருப்பதால் இழப்பது எதுவுமில்லை.