பழகுநரும் பணியாளரும்

‘பழகுதல்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. ஒரு தொழிலைப் பயின்று கைவரச் செய்வதும் பழகுதலே; மனிதரோடு நெருங்கி உறவாடுவதும் பழகுதலே. ‘அப்ரண்டிஸ்’ என்பதைத் தொழிற்பழகுநர் எனத் தமிழில் வழங்குவது மிகப் பொருத்தம் என்பது நம் கருத்து. வந்தவர் தொழிலை அறியும் அதே காலத்தில் நிறுவனமும் அவரை அறிந்துகொள்கிறதன்றோ? இன்று நம் மாணவர் ‘இன்டர்ன்ஷிப்’ என்று சொல்வதும் இதன் வகையே. பழகுநராய் நுழைந்தவர் நிலையான பணியாளராய் ஆகும் வழி எத்தகையது என்பதை நீலகிரியை முன்வைத்து ஈண்டு நோக்குவோம்.

மலைநாட்டில் இவ்வழி பழமையானது. தேயிலைத் தோட்ட மேலாளரைப் பெரியதுரை என்றும், உதவி மேலாளரைச் சின்னத்துரை என்றும் தொழிலாளர் அழைப்பர். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழில் பழக வந்த இளைஞரைக் ‘கிரீப்பர்’ என்றனர். கொடி என்றும் பொருள்படும் சொல் அது. பற்றிப் படர ஒரு கொம்பு வேண்டியிருந்தது போலும்! ஊதியம் பெறுவதற்கு மாறாகத் துரைக்குப் பணம் கொடுத்துப் பழகியவரும் அவருள் உண்டு. கவாத்து, கொழுந்தெடுப்பு, ஆலையில் வாட்டுதல், உருட்டுதல் என அனைத்தையும் உடனிருந்து கண்ட பின்னரே சின்னத்துரைப் பதவி வாய்க்கும். பல்லாண்டு பெரியதுரையாய் இருந்து முதிர்ந்தோருள் சிலர் ‘விசிட்டிங் ஏஜெண்ட்’ ஆயினர். இவர் தோட்டந்தோறும் சென்று பார்வையிட்டு, செடியின் நிலை, செலவின் நிலை இரண்டையும் ஆராய்ந்து உடைமையாளர்க்கு அறிக்கை எழுதுவார்.

இன்று கன்சல்டிங் கம்பெனி எனப்படும் ஆலோசனை நிறுவனம் செய்யும் பணியும் ஏறத்தாழ இதுவே. ஒரு வேறுபாடு உண்டு. அன்று ஆலோசனை கூறுவது வாழ்நாள் அனுபவத்தின் முடிவில் வந்த பணி. இன்றோ இருபத்திரண்டு வயது இளைஞர் அதனைத் தொடக்கத்திலேயே மேற்கொள்கிறார். பெரிய ஆலோசனை நிறுவனங்கள் மேலாண்மைக் கல்வி மாணவரைக் கோடை விடுமுறையில் இரண்டு மாத அளவிற்குச் சேர்த்துக்கொண்டு, பொருந்தியவர்க்குப் படிப்பு முடியுமுன்னரே பணியாணை தருவதை வழக்கமாகக் கொண்டுள்ளன. அந்த இரண்டு மாதத்தில் கவனிக்கப்படுவது அறிவு மட்டுமன்று. கொடுத்த கணக்கை மறுமுறை சரிபார்க்கிறாரா, அறியாததை அறியேன் என்கிறாரா, சொன்ன நாளில் முடிக்கிறாரா, வந்தவர் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்கிறாரா என்பனவே பெரிதும் நோக்கப்படும். இவற்றுள் எதற்கும் தனிப் பட்டம் இல்லை. தமிழ் படித்தவர்க்கும் இவை அரியன அல்ல.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். நீலகிரிப் பெற்றோர்க்கு அப்ரண்டிஸ் என்றதும் நினைவுக்கு வருவது அரவங்காடு. குன்னூரிலிருந்து உதகை செல்லும் மலை இரயில் வெலிங்டனைக் கடந்ததும் நிற்கும் ஊர் அது. அங்கு 1904-இல் நிறுவப்பெற்ற கார்டைட் தொழிற்சாலையில் புகையில்லா வெடிமருந்து செய்யப்படுகிறது. அங்குப் பழகினால் அரசு வேலை உறுதி என்று நம்பிய குடும்பங்கள் பல. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அவ்வாறு உறுதி தரவில்லை. பயிற்சி முடித்தவர்க்கு வேலை தரும் கடமை நிறுவனத்திற்கு இல்லை. தந்தால் ஏற்கும் கடமை பழகுநர்க்கும் இல்லை என்று அதன் 22-ஆம் பிரிவு 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை கூறியது. பயிற்சிக்குப் பின் பணியாற்ற வேண்டும் என ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் மட்டும் இருவரும் அதற்குக் கட்டுப்பட்டவர். ஆதலின் எல்லாம் அந்த ஒப்பந்தத்தில் உள்ளது.

பழகுநர் தொழிலாளர் அல்லர், பயிற்சி பெறுவோரே என்று 18-ஆம் பிரிவு வரையறுக்கிறது. எனவே தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவரைச் சாரா. எனினும் உதவித்தொகையும், உடல்நலப் பாதுகாப்பும், விபத்து நேர்ந்தால் இழப்பீடும் உண்டு.

1995-இல் உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒருபடி மேற்சென்றது. பிற தகுதிகள் ஒத்திருப்பின் பழகுநரை நேரடியாக வருவோரினும் முன்னதாகக் கருதவேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பரிந்துரை அவருக்கு வேண்டியதில்லை. பயிற்சி முடித்தோர் பட்டியலை ஆண்டுவாரியாக வைத்தல் வேண்டும் என்றது. இது முன்னுரிமையேயன்றி உரிமை அன்று என்பதை மாணவர் மறத்தலாகாது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம், பழகுநரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கொள்கை வகுக்கவேண்டும் என்றது. நேர்காணலில் அக்கொள்கையைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அத்திருத்தம் நம் துறைக்கு மற்றொரு நன்மையும் செய்தது. பட்டதாரிப் பழகுநர் என்றால் பொறியியல் கற்றவரே என்னும் நிலை மாறிக் கலை, அறிவியல் பட்டதாரியும் உள்ளடங்கினார். 2019-இல் பட்டதாரிப் பழகுநர்க்குக் குறைந்த அளவு உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்றும், முப்பது பேர்க்குக் குறையாத நிறுவனம் பழகுநரைச் சேர்த்தல் கட்டாயம் என்றும் விதிக்கப்பட்டது. தென்மண்டலப் பட்டதாரிப் பழகுநர்க்குச் சான்றிதழ் வழங்கும் வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது. நம் மாணவருள் இதனை அறிந்தோர் மிகச் சிலரே என்பது வருத்தத்திற்குரியது. ஆசிரியராகிய நம் பிழையும் அதில் உண்டு.

நிலையான வேலை என்பதன் பொருளும் மாறிவருகிறது. உதகை இந்து நகரில் 1960-களில் எழுந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிலிமின் காலம் முடிந்தபோது தானும் நின்றது. படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாக்கப்பட்டபோது அரவங்காடு மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் வந்தது. அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகள் சில, தம்மிடம் பழகியோரைக் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் பணியமர்த்தும் விளம்பரங்களை வெளியிட்டுள்ளன.

எழுத்தின் இன்றியமையாமையை நாம் உணர்ந்தது ஒரு மாணவரால். கூடலூர்ப் பகுதியைச் சேர்ந்த அவர், சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஆலோசனை கூறும் ஓர் அலுவலகத்தில் பழகச் சேர்ந்தார். மண் மாதிரி எடுத்தார். பசுந்தேயிலைக் கணக்கை எழுதினார். விவசாயிகளின் ஐயங்களை எளிய தமிழில் விளக்கினார். “வேலை உனக்குத்தான் தம்பி” என்ற சொல்லை நம்பிப் பதினொரு மாதம் கழிந்தது. பின்னர் அவ்விடத்திற்கு வேறொருவர் வந்தார். ஊதியம் கேட்டபோது, “நீ பழக வந்தவன்தானே” என்பது விடையாயிற்று.

கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீண்டது. அதனை ஓதி வளர்ந்த பிள்ளை அவர். எழுத்து வேண்டும் என்று கேட்பது பெரியவரை ஐயுறுவதாகும் எனக் கூசியிருக்கிறார். கேட்கவேண்டியவை பலவல்ல: சேரும் நாள், முடியும் நாள், செய்யும் பணி, உதவித்தொகை, முடிவில் சான்று. இரண்டு மாதப் பழக்கமாயினும் ஒரு தாளில் இவை அடங்கும்.

நாமும் துறைத்தலைவரும் அவரோடு அவ்வலுவலகம் சென்றோம். சான்றுக் கடிதம் தந்தனர். அதில் அவர் பணிசெய்த காலம் ஏழு மாதம் என்றிருந்தது. தொடக்க நாளைக் காட்ட அவரிடம் எழுத்து ஏதும் இல்லாமையால் அதனையே வாங்கிக்கொண்டு திரும்பினோம்.