எனக்கு ஏ-ஒன் கிடைத்த கதை!

போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. ராத்திரி எட்டே முக்கால். தட்டில் இருந்த தோசையில் பாதி உள்ளே போயிருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கதவோரமாக நின்றுகொண்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்பா... நாளைக்கு ஒரு ப்ராஜெக்ட் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க."

"எப்பம்மா சொன்னாங்க?"

"வெள்ளிக்கிழமை."

மீதி தோசை உள்ளே போகவில்லை.

நீர்ச் சுழற்சி. அதாவது, கடல் தண்ணீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, மறுபடி கடலுக்கே போய்ச் சேருகிற சமாசாரம். அதைச் சார்ட் பேப்பரில் வரைந்து, ஒட்டி, எழுதிக் கொண்டுபோக வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் ஐந்து பேர். ஐந்து பேரும் அப்பாக்கள்! ஒருத்தர் ஆபீஸ் ஐ.டி. கார்டைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

கடைக்காரர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மூணாங் கிளாஸா சார்? நீலச் சார்ட் ஒண்ணு, பஞ்சு ஒரு பாக்கெட், கோந்து, ஸ்கெட்ச் பேனா. நூத்தி நாப்பது ரூபா" என்று, தயாராகக் கட்டி வைத்திருந்த கவரை நீட்டினார். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு அடுத்தபடியாகப் பாடத்திட்டம் முழுசாகத் தெரிந்த மனிதர் அவர்தான் போலிருக்கிறது.

பத்து மணிக்கு மகள் தூங்கிவிட்டாள். தூங்குவதற்கு முன்னால் அவள் ஒரே ஒரு மேகம் வரைந்திருந்தாள். பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. அதற்கு இரண்டு கண், ஒரு வாய் வேறு! அதை ரப்பரால் அழித்துவிட்டு, அதே இடத்தில் பஞ்சை அழகாக ஒட்டினேன். (இந்த உருளைக்கிழங்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

பன்னிரண்டு மணிக்கு என் மனைவி எழுந்து வந்து பார்த்தாள்.

"ஏங்க, ப்ராஜெக்ட் உங்களுக்கா, அவளுக்கா?"

"சும்மா இரு. ஆவியாதலுக்கு அம்புக்குறி போட்டுக்கிட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமை ரிசல்ட். சார்ட்டின் மூலையில் சிவப்பு மையில் ஏ-ஒன்! உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பி.காம். டிகிரி வாங்கின அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. காலேஜில் நான் வாங்கின மார்க் அந்த லட்சணத்தில் இருந்தது. அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். மகள் மட்டும் அந்தச் சார்ட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அன்றைய வீட்டுப்பாடம் ரொம்பச் சின்னது. வீட்டில் இருக்கிற ஐந்து பொருள்களை ஸ்கேலால் அளந்து எழுத வேண்டும். கட்டில் இருக்கிறது, கரண்டி இருக்கிறது, ஸ்கேலும் கையில் இருக்கிறது. ஆனால் மகள் நோட்டை என் மடியில் வைத்தாள்.

"நீங்களே எழுதிடுங்கப்பா. நான் எழுதினா பி-தான் வரும்."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எட்டு வயசில் ஒரு குழந்தை தனக்குத் தானே கிரேடு போட்டுக்கொண்டுவிட்டது. அதைச் சொல்லிக்கொடுத்தது மிஸ் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை பஞ்சு ஒட்டிய இந்த அப்பாதான்.

கிரேடு என்கிற விஷயம் இதற்காகவா வந்தது என்று கொஞ்சம் பழைய கதையைப் புரட்டினேன். 'மால்குடி' ஆர்.கே. நாராயண் ராஜ்யசபாவில் நியமன உறுப்பினராக இருந்தார். பிள்ளைகள் முதுகில் சுமக்கும் புத்தக மூட்டையைப் பற்றி 1989-ல் அங்கே பேசினார். பிறகு 1992-ல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 1993-ல் அறிக்கை வந்தது. அதில் ஒரு சிபாரிசு: ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் தானே ஆராய்ந்து பார்க்கிற வேலை மட்டும் கொடுங்கள். அதாவது, என் மகள் என் மடியில் தள்ளிவிட்ட அந்த ஸ்கேல் சமாசாரம் மாதிரி!

அப்புறம் 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. வருஷக் கடைசியில் ஒரே பரீட்சையில் பிள்ளையை எடைபோடாமல் வருஷம் பூராவும் தொடர்ந்து கவனியுங்கள் என்றது. தமிழ்நாட்டில் 2012-ல் முப்பருவ முறை வந்து, எட்டாம் வகுப்பு வரை கிரேடும் கூடவே வந்தது. முதல், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2020-ல் வந்த தேசியப் பள்ளிப் பைக் கொள்கையும் அதையே சொல்லிவிட்டு, மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் போதும் என்றது. நான் நீர்ச் சுழற்சிக்கு மட்டும் செலவழித்தது மூன்று மணி நேரம்.

கிரேடின் தத்துவம் ரொம்ப எளிது. 91-லிருந்து 100 வரை எல்லாம் ஏ-ஒன். 93 வாங்கின பிள்ளைக்கும் 97 வாங்கின பிள்ளைக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, அதற்காக அடித்துக்கொள்ளாதீர்கள் என்று அர்த்தம். நாம் விடுவோமா? பள்ளிக்கூட வாசலில் ஒரு அப்பா கேட்டதை என் காதால் கேட்டேன்: "அது சரி மிஸ், ஏ-ஒன்னில் இவன் எத்தனாவது ஏ-ஒன்?"

சிரிக்காதீர்கள். ஆபீஸில் அப்ரைசல் சமயத்தில் ஐந்துக்கு மூன்று வாங்கிக்கொண்டு, அடுத்த சீட்காரருக்கு எவ்வளவு என்று தெரியாமல் மத்தியானச் சாப்பாடு இறங்காமல் தவிக்கிற ஆள்தானே நாம்?

பெற்றோர் சந்திப்பு அன்றைக்கு, மிஸ்ஸிடம் தனியாக உண்மையை ஒப்புக்கொண்டேன்.

"மேடம், அந்த நீர்ச் சுழற்சி... நான்தான் செய்தேன்."

அவர் சிரித்தார். "தெரியும் சார். மூணாங் கிளாஸ் பிள்ளைக்கு அம்புக்குறி அவ்வளவு நேரா வராது."

"அப்புறம் ஏன் ஏ-ஒன் போட்டீங்க?"

"போடலேன்னா நீங்க வந்து நிப்பீங்களே! போன வருஷம் ஒருத்தர் பி-டூவுக்காக ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் வரைக்கும் போனார். சார்ட் செஞ்சதும் அவரேதான்."

பிறகு ஒரு கணக்குச் சொன்னார். வகுப்பில் 38 பிள்ளைகள். ஆளுக்கு ஐந்து நோட்டு. மொத்தம் 190. ஒரு நோட்டுக்கு ஒரே நிமிஷம் என்று வைத்தாலும் மூன்று மணி பத்து நிமிஷம். அவர் வீட்டிலும் இரண்டாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான்.

"பிள்ளை தப்பா எழுதிட்டு வந்தா, அதுக்கு எது புரியலேன்னு எனக்குத் தெரியும் சார். நாளைக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பேன். நீங்க சரியா எழுதி அனுப்பினா எனக்கு என்ன தெரியும்? உங்களுக்கு நீர்ச் சுழற்சி நல்லாப் புரிஞ்சிருக்குன்னு தெரியும். அவ்வளவுதான்!"

ஒரு காமர்ஸ்காரனுக்கு இதைவிட வெட்கம் வேறு வேண்டாம். கம்பெனி நஷ்டத்தில் ஓடும்போது லாபம் மாதிரி கணக்கை ஜோடித்துக் காட்டுவார்கள் இல்லையா, அதைத்தான் நான் செய்திருக்கிறேன். ஜோடித்த கணக்கைப் பார்த்து ஏமாந்தது மிஸ் இல்லை. ஸ்கேலைத் தொடவே பயந்த என் மகள்தான்.

அடுத்த ப்ராஜெக்ட் 'எங்கள் தெரு'. இந்தத் தடவை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா! டீக்கடை எங்கள் அபார்ட்மெண்ட்டைவிடப் பெரிசாக வந்தது. ரோடு நடுவில் வளைந்து கட்டிலுக்கு அடியில் போகப் பார்த்தது. "அம்மா, 'தெரு'வுக்குச் சின்ன 'ரு'தானே?" என்று கேட்டாள். மனைவி தலையாட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு அவளே முடித்து, அவளே பையில் வைத்தாள்.

வந்த கிரேடு பி-ஒன். கீழே மிஸ் ஒரு வரி எழுதியிருந்தார்: 'நாய் மிக அழகு. நம் பள்ளிக்கூடம் எங்கே?'

மகளின் முகம் முதலில் சுருங்கியது. எனக்கும் வயிற்றில் என்னவோ பிசைந்தது. பொய் சொல்வானேன், வாட்ஸ்அப் குரூப்பில் மற்ற அப்பாக்கள் தங்கள் ஏ-ஒன்களைப் போட்டோ எடுத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவள் சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அய்யோ, ஸ்கூல் வரையவே மறந்துட்டேன்ப்பா!" என்று கத்திச் சிரித்தாள். பென்சிலை எடுத்து, டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்த இடுக்கில் பள்ளிக்கூடத்தைச் செருகினாள். யாரும் சொல்லவில்லை. அதற்கு மார்க்கும் கிடையாது.

அப்போதுதான் கவனித்தேன். தெருவுக்கு மேலே, வானத்தில் ஒரு உருளைக்கிழங்கு. இரண்டு கண், ஒரு வாய். இந்தத் தடவை அது சிரித்துக்கொண்டிருந்தது.

கல்யாணமாகாத தம்பிகளே, உங்களுக்கும் ஒருநாள் புதன்கிழமை ராத்திரி எட்டே முக்கால் வரும். தோசையைச் சாப்பிட்டு முடியுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். கேட்டால் சொல்லிக்கொடுங்கள். பஞ்சை மட்டும் தொடாதீர்கள்.

போன வாரம் பேனா வாங்க அதே கடைக்குப் போனேன்.

"என்ன சார், ஆளையே காணோம்? சூரியக் குடும்பம் செட் ரெடியா இருக்கு. தெர்மாகோல் உருண்டை ஒன்பது போட்டிருக்கேன்."

"ஒன்பது இல்லீங்க, எட்டுதான். 2006-லேயே ப்ளூட்டோவைக் கிரகக் கணக்கிலிருந்து எடுத்துட்டாங்க."

கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அப்படியா? ஒன்பது உருண்டை வெச்சுத்தானே சார் போன வருஷம் எல்லா அப்பாவுக்கும் ஏ-ஒன் வந்துச்சு!"