பழைய கம்ப்யூட்டர்: சரி செய்வதா, மாற்றுவதா?

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, கணக்கு எழுதுவதற்காகவே கம்ப்யூட்டர் வாங்கிய சிறு வணிகர்கள் நம்மில் ஏராளம். பழவேற்காடு வட்டாரத்தில் மளிகை, மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு அந்த இயந்திரம் பில் போட மட்டுமல்ல. கூனங்குப்பத்திலும் லைட் ஹவுஸ் குப்பத்திலும் உள்ள மீனவக் குடும்பங்கள் மழைக்காலத்தில் வாங்கும் கடன் சரக்கின் பற்று வரவும் அதில்தான் இருக்கிறது. அது நின்றால் பாக்கியும் நின்றுவிடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, நம் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதே. இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். ஐ3-7100 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை. ஐ3-8100 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. அத்துடன் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். பல இயந்திரங்களில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் என்பதால், மெக்கானிக்கைக் கொண்டு சோதித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவதாக, சி.பி.யு. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கடை வைத்திருக்கும் நமக்கு உப்புக் காற்றே முதல் எதிரி. ராம் செருகும் இடத்தில் மட்டும் அழுக்கு என்றால் துடைத்துவிடலாம். மதர்போர்டிலேயே பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அதற்குச் செலவு செய்வது ஓட்டைப் படகுக்கு வண்ணம் அடிப்பது போலாகும்.

இவ்விரண்டிலும் தேறிய இயந்திரம் மெதுவாக ஓடினால், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டு, ராமை 8 ஜி.பி. ஆக்கினாலே போதும், வேகத்தில் நல்ல மாற்றம் தெரியும். தேறாவிட்டால் மாற்றுவதே சிக்கனம். பழுதுச் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலும் மாற்றிவிடலாம் என்பது நம் கணக்கு. முறையான பில்லுடன் கடை உபயோகத்திற்கு வாங்கினால், சாதாரணத் திட்டத்தில் உள்ளவர்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது இல்லை.

எந்த முடிவு எடுத்தாலும் கணக்கைப் பிரதி எடுத்த பிறகே பெட்டியில் கை வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கு நம்மிடம் இருக்க வேண்டும். 2023-24 ஆண்டுக் கணக்கென்றால் 2030 டிசம்பர் இறுதி வரை. ஒரு பிரதி கடையிலும், இன்னொன்று வேறு இடத்திலும் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலைக் கண்ட நமக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

பழைய இயந்திரத்தைக் காயலான் கடைக்குத் தள்ளும் முன் அதன் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வோம். இயந்திரம் போனால் வேறு வாங்கலாம். பற்று வரவு போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.