இலவச விளையாட்டுகளா, மாதக் குத்தகையா?

ஒவ்வொரு மாதத்தின் முதற் செவ்வாய்க்கிழமையும் சொனி நிறுவனம் தனது 'பிளேஸ்டேஷன் பிளஸ்' சந்தாதாரர்களுக்குச் சில வீடியோ விளையாட்டுகளைத் திறந்துவிடுகின்றது. அவை எவை என்பது சில நாட்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டுவிடும். அறிவிப்பு வெளியானதும் உலகெங்கும் உள்ள இளைஞர்கள் அதனை அக்குவேறு ஆணிவேறாக அலசத் தொடங்குவர். 2013 ஆம் ஆண்டு தொடக்கம் 2023 ஆம் ஆண்டு வரை இந்த அலசல் ஒரு போட்டியாகவே நடைபெற்றது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் தனது எக்ஸ்பொக்ஸ் சந்தாதாரர்களுக்கு 'கேம்ஸ் வித் கோல்ட்' என்னும் பெயரில் மாதந்தோறும் விளையாட்டுகளை வழங்கிவந்தமையே அதற்குக் காரணம். இம்மாதம் எவருடைய கை ஓங்கியது என்ற வாதம் பத்தாண்டு காலம் தீராத வழக்காக நீடித்தது.

அவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. வாதிட்ட இரு தரப்பினரும் பிழையான தராசையே கையில் எடுத்திருந்தனர் என்பதே எமது கருத்தாகும். விளையாட்டுகளின் எண்ணிக்கையையும் அவற்றின் கடை விலையையும் கூட்டிப் பார்த்தனரேயன்றி, சந்தா நின்றுபோகும் நாளில் கையில் எஞ்சப்போவது என்ன என்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. வெளிநாட்டில் வாழும் உறவினர் மூலம் இக்கருவிகள் எமது நாட்டின் இல்லங்கள் பலவற்றையும் வந்தடைந்துள்ளன. ஆதலால் இவ்விடயம் இங்குள்ள பெற்றோருக்கும் அந்நியமானதன்று.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். மைக்ரோசொப்டின் இணையவழிச் சேவையான 'எக்ஸ்பொக்ஸ் லைவ்' 2002 நவம்பரில் ஆரம்பமானது. வேறு வீடுகளில் இருப்பவர்களுடன் சேர்ந்து விளையாட வேண்டுமாயின் அதற்குச் சந்தா செலுத்த வேண்டும் என்ற நடைமுறையை நிலைநிறுத்தியது இச்சேவையே. சொனியின் பிளேஸ்டேஷன் 3 கருவியில் இதற்குக் கட்டணம் இருக்கவில்லை. 2010 ஜூனில் அந்நிறுவனம் தொடங்கிய பிளேஸ்டேஷன் பிளஸ், விரும்பியவர் மட்டும் சேரும் ஒரு சலுகைத் திட்டமாகவே இருந்தது. 2012 ஜூனில் அது விரிவுபடுத்தப்பட்டு, 'இன்ஃபேமஸ் 2', 'லிட்டில் பிக் பிளானட் 2' போன்ற பெரிய விளையாட்டுகள் சந்தாவுடன் சேர்த்து அளிக்கப்பட்டன. மறு ஆண்டே மைக்ரோசொப்ட் அதற்குப் பதிலிறுத்தது. 'ஃபேபிள் 3', 'அசாசின்ஸ் கிரீட் 2', 'ஹேலோ 3' ஆகியவை அதன் முதற் கொடைகளுள் அடங்கும்.

ஆனால் அதே 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 சந்தைக்கு வந்தபோது, இணையவழியிற் பலர் கூடி விளையாடுவதற்கு இனிச் சந்தா கட்டாயம் என்ற விதியும் உடன் வந்தது. நேற்றுவரை கதவு திறந்திருந்த மண்டபத்துக்கு நுழைவுச் சீட்டு விதித்துவிட்டு, சீட்டு வாங்குவோருக்கு உள்ளே சிற்றுண்டி இலவசம் என்று அறிவித்ததற்கு ஒப்பானது இது. சிற்றுண்டி சுவையானதாகவே இருந்தது. ஆகையினால் சீட்டைப் பற்றிய முணுமுணுப்பு விரைவில் அடங்கிவிட்டது. விலக்கு ஒன்றும் இருந்தது. 'ஃபோர்ட்நைட்' போன்று எவரும் காசின்றிப் பெறக்கூடிய விளையாட்டுகளுக்குச் சொனி சந்தா கேட்கவில்லை. மைக்ரோசொப்டோ 2021 ஏப்ரல் வரை அவற்றுக்கும் கேட்டது. மாத விளையாட்டுகளின் பெறுமதியை ஒப்பிட்டவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கிற் சேர்த்ததை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். ஒரு குடும்பத்தின் செலவைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு இதுவாகவே இருந்திருக்கக்கூடும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். சில ஆண்டுகள் சொனி மாதமொன்றுக்கு ஆறு விளையாட்டுகள் வரை வழங்கியது. பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 3, கையடக்கக் கருவியான வீட்டா ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் என்பதனால், ஒரு கருவி மாத்திரம் வைத்திருந்தவருக்கு ஆறு என்பது வெறும் ஏட்டுக்கணக்கே. 2019 மார்ச்சில் பின்னைய இரண்டும் நிறுத்தப்பட்டன. எக்ஸ்பொக்ஸ் தரப்பில் 2015 நவம்பர் முதல், பழைய எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுகள் பலவற்றைப் புதிய எக்ஸ்பொக்ஸ் வண் கருவியிலும் விளையாடும் வசதி ஏற்பட்டது. அதனால் புதிய கருவி வைத்திருந்தவருக்கு மாதம் நான்கு விளையாட்டுகள் உண்மையாகவே கிடைத்தன. எண்ணிக்கையில் மைக்ரோசொப்டின் கையும், விளையாட்டுகளின் தரத்திற் சொனியின் கையும் ஓங்கியிருந்த காலம் என்று அதனைக் கூறினால் பெரிய பிழையிராது.

இவை யாவற்றிலும் முக்கியமான கேள்வி உடைமை பற்றியது. எக்ஸ்பொக்ஸ் 360 கருவிக்கென அளிக்கப்பட்ட விளையாட்டுகள், ஒருமுறை கணக்கிற் சேர்க்கப்பட்டால், சந்தாவை நிறுத்திய பின்னரும் சந்தாதாரருக்கே உரியன. இலவசம் என்ற சொல்லுக்கு நெருங்கிய பொருளில் வழங்கப்பட்டவை அவை மாத்திரமே. எக்ஸ்பொக்ஸ் வண் விளையாட்டுகளும் பிளேஸ்டேஷன் பிளஸ் விளையாட்டுகளும் அவ்வாறல்ல. சந்தா நடைமுறையில் இருக்கும் வரை அவை திறக்கும். சந்தா முடிந்த மறுநாள் பூட்டிக்கொள்ளும். மீண்டும் பணம் செலுத்தினால் மீண்டும் திறக்கும். வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் விளைச்சலை அனுபவிக்கலாம், உறுதி எழுதிக்கொள்ள முடியாது என்பதை எமது மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இக்குத்தகையில் இன்னுமொரு நுட்பம் உண்டு. ஐந்தாண்டுகள் மாதம் தவறாது சேர்த்து வந்தவரிடம் நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள் குவிந்திருக்கும். சந்தாவை நிறுத்த எண்ணும்போது அந்தக் குவியல் முழுவதும் கண்முன் வந்து நிற்கும். சேர்ந்தவரை விலகவிடாமற் பிடித்துவைக்கும் கயிறு இதுவே. நாள் செல்லச் செல்ல அக்கயிறு தடிக்கின்றது.

அவ்வாறாயின் விளையாட்டைப் படைத்தவர்களுக்கு என்ன கிடைக்கின்றது? பெரும்பாலும் சேவை நடத்தும் நிறுவனம் ஒரு தொகையைப் பேசி முடித்துக் கொடுத்துவிடும். அத்தொகைகள் வெளியே வருவதில்லை. எனினும் கணனி விளையாட்டுகளை விற்கும் எபிக் நிறுவனம் அப்பிள் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2021 ஆம் ஆண்டு வெளியான ஆவணங்கள் ஓரளவு வெளிச்சம் பாய்ச்சின. எபிக் தனது இணையக் கடையில் முதல் ஒன்பது மாதங்களில் இலவசமாக வழங்கிய விளையாட்டுகளுக்கென மொத்தம் ஏறத்தாழ 1 கோடியே 16 இலட்சம் அமெரிக்க டொலர்களைக் கொடுத்திருந்தது. 'சப்னோட்டிகா' என்ற ஒரு விளையாட்டுக்கு மாத்திரம் 14 இலட்சம் டொலர். பதிலுக்கு அக்கடைக்குக் கிடைத்த புதிய கணக்குகள் ஏறத்தாழ 50 இலட்சம். அதாவது ஒரு வாடிக்கையாளரை இரண்டு டொலர் சொச்சத்துக்கு வாங்கியிருக்கின்றது. எபிக் சந்தாச் சேவையன்று என்பது உண்மையே. ஆயினும் இலவசத்தின் பின்னால் உள்ள வியாபாரக் கணக்கு எத்தகையது என்பதற்கு இது தக்க சான்று.

படைப்பாளிகளின் அனுபவமோ ஒரே சீராக இல்லை. 2015 ஜூலையில் சையோனிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் 'ரொக்கெட் லீக்' வெளியான நாளிலேயே பிளேஸ்டேஷன் பிளஸ்ஸில் வழங்கப்பட்டது. மோட்டார் வாகனங்கள் பந்தடிக்கும் அவ்விளையாட்டுக்கு எதிராட ஆட்கள் வேண்டும். சந்தாதாரர் கூட்டம் அதனை ஒரே இரவில் அளித்தது. அதன் புகழ் உலகெங்கும் பரவி, 2019 இல் எபிக் அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. 2020 ஓகஸ்டில் 'ஃபோல் கைஸ்' இதே வழியில் வெற்றி கண்டது. ஆனால் 2021 ஏப்ரலில் வெளியான 'ஒட்வேர்ல்ட்: சோல்ஸ்டோர்ம்' தனியொருவர் ஆடும் கதை விளையாட்டு. பிளேஸ்டேஷன் 5 கருவியை அப்போது வைத்திருந்தவர்கள் சிலரே என்பதால், இலவசமாக வழங்குவதில் இழப்பு அதிகமிராது என்று அதன் ஆக்குநர்கள் எண்ணினர். ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அதனைக் காசின்றிப் பெற்றுக்கொண்டதாகவும் அந்த உடன்பாடு தமக்குப் பேரிழப்பாக அமைந்ததாகவும் அதன் படைப்பாளர் லோர்ன் லானிங் மறு ஆண்டு கூறினார். ஆட்கூட்டம் வேண்டிய விளையாட்டுக்கு இலவசம் விதை நெல். ஒருமுறை ஆடி முடித்துவிட்டு மூடிவைக்கும் விளையாட்டுக்கு அது விற்பனைக்கான நெல்லை அள்ளிக் கொடுப்பதாகும்.

கட்டணத்தின் போக்கையும் குறிப்பிடுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் பிளஸ் ஆண்டுச் சந்தா 49.99 டொலராக இருந்தது. 2016 செப்டெம்பரில் 59.99 ஆகவும் 2023 செப்டெம்பரில் 79.99 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரியில் மைக்ரோசொப்ட் தனது கோல்ட் சந்தாவை ஆறு மாதத்துக்கு 60 டொலர் என உயர்த்தப்போவதாக அறிவித்துவிட்டு, எழுந்த எதிர்ப்பினால் அன்றைய தினமே அதனை மீளப்பெற்றுக்கொண்டது. வாடிக்கையாளர் ஒருமித்துக் குரல் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு இத்துறையில் நாம் கண்ட அரிய உதாரணம் இது.

எனினும் மைக்ரோசொப்டின் கவனம் அதற்கு முன்னரே வேறு திசைக்குத் திரும்பியிருந்தது. 2017 ஜூனில் தொடங்கிய 'கேம் பாஸ்', மாதம் இரண்டு விளையாட்டு என்பதற்குப் பதிலாக ஒரு வாசிகசாலையையே திறந்துவிட்டது. கோல்ட் கொடைகள் மெல்ல மெலிந்தன. 2022 ஒக்டோபரில் எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுகள் நின்றன. 2023 செப்டெம்பரில் அத்திட்டமே முடிவுற்றது. அதன் இடத்துக்கு வந்த 'கேம் பாஸ் கோர்' சந்தாவில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட விளையாட்டுகள் கொண்ட தொகுப்பொன்று இருந்தது. மாதந்தோறும் கணக்கிற் சேர்த்து வைத்துக்கொள்ளும் வழக்கம் மறைந்தது. 2025 ஒக்டோபரில் இத்தொகுதிகள் மீண்டும் பெயர் மாற்றம் பெற்றன. அப்போது உயர்தர 'அல்டிமேட்' சந்தா அமெரிக்காவில் மாதம் 19.99 டொலரிலிருந்து ஒரே தாவலில் 29.99 ஆயிற்று. நின்டெண்டோ நிறுவனம் 2018 செப்டெம்பரில் ஆண்டுக்கு 19.99 டொலருக்குத் தொடங்கிய சேவையும் பழைய விளையாட்டுகளின் தொகுப்பையே இரவல் தருகின்றது. ஆக, மாத விளையாட்டு என்ற பழைய வழக்கத்தைக் கைவிடாதிருப்பது சொனி மாத்திரமே. அதுவும் 2026 ஜனவரியுடன் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளுக்கான முக்கியத்துவத்தைக் கைவிடுவதாக ஓராண்டு முன்னதாகவே அறிவித்திருந்தது. பழைய கருவி வைத்திருப்போர், குறிப்பாக உறவினர் கைமாற்றிக் கொடுத்த கருவியை வைத்திருப்போர், சந்தா செலுத்து முன்னர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

இங்குள்ள பெற்றோருக்கு இன்னும் சில விடயங்கள். பிளேஸ்டேஷன் வலையமைப்பில் கணக்குத் திறக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இடம்பெறவில்லை. வேறொரு நாட்டின் பெயரிற் கணக்குத் திறந்தே இங்கு பலர் விளையாடுகின்றனர். அது நிறுவனத்தின் விதிகளுக்கு அமைவானதன்று. கணக்கு மூடப்படுமாயின் அதிற் சேர்த்தவையும் காசு கொடுத்து வாங்கியவையும் ஒன்றாகவே போய்விடும். அடுத்ததாக, ஆண்டுக்கு 79.99 டொலர் செலுத்தி மூன்றே விளையாட்டுகளை ஆடும் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 டொலராகின்றது. அந்த மூன்றும் பழைய விளையாட்டுகளாயின் கழிவு விற்பனையில் அதைவிட மலிவாக வாங்கிவிடலாம். வாங்கியது சந்தா முடிந்தாலும் பூட்டிக்கொள்ளாது. இணையவழியில் நண்பருடன் ஆடுவதே பிள்ளையின் விருப்பமாயின் கணக்கு வேறு. அப்போது விலை கொடுப்பது நுழைவுச் சீட்டுக்கே. சந்தா எடுக்கத் தீர்மானித்தால், அது காலம் முடியும்போது தானாகவே புதுப்பிக்கப்பட்டு வங்கி அட்டையிலிருந்து பணம் கழிக்கப்படும் என்பதை மறக்கலாகாது. கணக்கின் அமைப்புகளுக்குச் சென்று தன்னியக்கப் புதுப்பித்தலை முதல் நாளே நிறுத்திவிடலாம். செலுத்திய காலம் முடியும் வரை விளையாட்டுகள் வழமைபோல் இயங்கும்.