ஒரே ரத்தம்தான், படிவது மட்டும் ஏன் தமனியில்?

பைபாஸ் செய்துகொண்டவர்கள் பலரின் காலில் நீளமாக ஒரு தழும்பு இருக்கும். அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழி போட, அங்கிருந்துதான் ஒரு சிரையை உருவி எடுப்பார்கள். ஐம்பது, அறுபது வருடம் காலில் கிடந்த அந்தச் சிரைக்குள் கொழுப்புப் படிவு இருக்காது. அதையே இதயத்தில் தமனிக்குப் பதிலாகத் தைத்துவிட்டால், சில ஆண்டுகளில் அதிலும் படியத் தொடங்கிவிடுகிறது.

ரத்தம் அதேதான், கொலஸ்ட்ராலும் அதேதான். மாறியவற்றில் முக்கியமானது அழுத்தம். நுரையீரலுக்குப் போகும் தமனியும் இதையே சொல்கிறது. அழுத்தம் குறைவான அந்தக் குழாயில் பொதுவாகக் கொழுப்பு படிவதில்லை. அங்கே அழுத்தம் எகிறும் நோய் வந்தவர்களுக்குப் படிகிறது.

“பிரஷருக்குத்தான் மாத்திரை போடுகிறேனே, கொழுப்பு டெஸ்ட் எதற்கு?” என்று கேட்பவர்களுக்கான பதில் இங்கே இருக்கிறது. தமனியின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்துக்கு மெல்லிய விரிப்பு உண்டு. ஓயாத உயர் அழுத்தம் அதை நோகடிக்கிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். துகள்கள் அதன் அடியில் புகுந்து சிக்கிக்கொண்டு கெட்டுப்போகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள், விழுங்கி விழுங்கி உப்பி, அங்கேயே தங்கிவிடுகின்றன. சுவர் தடித்து விறைக்கிறது. விறைத்த குழாயில் அழுத்தம் இன்னும் ஏறுகிறது.

பிரஷர் உள்ளவர்களின் கொழுப்பையும் குறைத்தால் பலன் உண்டா என்று 2003இல் வெளியான ‘ஆஸ்காட்’ ஆய்வு சோதித்துப் பார்த்தது. உயர் ரத்த அழுத்தத்துடன் வேறு சில ஆபத்துக் காரணிகளும் உள்ள 10,305 பேர் அதில் இருந்தார்கள். யாருக்கும் மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 250ஐத் தாண்டவில்லை. பாதிப் பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி., மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுகள் நடக்க வேண்டிய ஆய்வை மூன்றே கால் ஆண்டு வாக்கில் நிறுத்திவிட்டார்கள். மருந்து எடுத்தவர்களிடம் மாரடைப்பும் இதயத் தமனி நோய் மரணமும் 36 சதவீதம் குறைந்திருந்தன.

சரி, லிப்பிட் ரிப்போர்ட்டைக் கையில் எடுப்போம். மொத்தம் 210, நல்ல கொழுப்பு எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 190 என்று வைத்துக்கொள்வோம். பல லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. 1972இல் ஃப்ரீட்வால்ட் குழு தந்த கணக்கைப் போடுகிறார்கள். 190ஐ ஐந்தால் வகுத்தால் 38. மொத்தத்திலிருந்து இரண்டு 38களையும் கழித்தால் எல்.டி.எல். 134. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது.

எச்.டி.எல். தாழ்ந்து, டிரைகிளிசரைடு உயர்ந்து நிற்கும் இந்த ஜாடை நம்மவர்களிடம் சகஜம். “எண்ணெயே தொடுவதில்லை” என்பவருக்கும் இது வரும். தேவைக்கு மேல் உள்ளே போகும் சோற்றையும் சர்க்கரையையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றிவிடுகிறது.

சென்னையைச் சேர்ந்த ஓர் ஆய்வு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் நடத்திய நாடளாவிய ஆய்வு 2023இல் வெளியானது. பெரியவர்களில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம். கொழுப்பு அளவுகளில் ஏதாவது ஒன்றில் கோளாறு உள்ளவர்கள் 81.2 சதவீதம். அப்படியென்றால் பிரஷர்காரர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பிரஷருக்காக ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கியது நல்லதே. சோற்றின் அளவையும் கொஞ்சம் பாருங்கள். அடுத்த முறை பிரஷர் பார்க்கப் போகும்போது கொழுப்பு ரிப்போர்ட்டையும் கூடவே கொண்டுபோய், டாக்டரிடம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.