குப்பைக்கும் ஐந்தொகை எழுதுவோம்!

வரவு என்ன, செலவு என்ன, மிச்சம் என்ன என்று பார்க்காமல் கடையைப் பூட்டாத ஊர் காரைக்குடி. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நகரத்தார் பேரேடு எழுதினார்கள், ஐந்தொகை எழுதினார்கள். கடல் கடந்த ஊரின் காலணாவுக்கும் செட்டிநாட்டு வீட்டில் கணக்கு இருந்தது. அப்பேர்ப்பட்ட ஊரிலே இன்று கணக்கில் ஏறாத சரக்கு ஒன்று உண்டு, தோழர்களே! மாளிகையிலிருந்தும் அது வெளியேறுகிறது. ஒண்டிக் குடித்தனத்திலிருந்தும் வெளியேறுகிறது. வாசற்படி தாண்டியதும் நமக்கும் அதற்கும் உறவு அற்றுப் போனதாக நினைத்துக் கொள்கிறோம். அதன் பெயர் குப்பை!

1928-இல் நகராட்சியான காரைக்குடி, 2024-இல் மாநகராட்சி ஆயிற்று. பெயர் பெரிதாயிற்று, பெருமைதான். ஆனால் பொறுப்பும் பெரிதாயிற்றே! 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் 1,06,000-க்கு மேல். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் குப்பை என்று குறைத்தே வைத்துக் கொள்வோம். அப்படிப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு 32 டன்! மாதத்துக்கு ஏறத்தாழ 960 டன்! இதை எங்கே கொட்டுவது? யார் அள்ளுவது? யார் வாசலில் அது நாறுவது?

நம் வீட்டுக் குப்பையில் பாதியளவு சோறு, காய்கறித் தோல், வாழை இலை, தேங்காய் நார் போன்ற மக்கும் பொருள்தான். மண்ணுக்குப் போனால் அது எரு. பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிடங்கில் புதைத்தால் அதுவே எமன். காற்றுப் புகாமல் அழுகும் குப்பை மீதேன் வாயுவைக் கக்குகிறது. அது தீப்பிடித்தால் பிளாஸ்டிக் எண்ணெய் வார்த்தாற்போல் எரிகிறது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் எரிந்து, நாட்கணக்கில் நகரமே புகையில் மூழ்கியது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர் யார்? குளிர்சாதன அறையில் சாளரத்தைச் சாத்திக் கொள்ள வசதி படைத்தவரா? கிடங்கின் ஓரத்தில் குடிசை போட்டுக் கிடக்கும் உழைப்பாளியும் அவன் குழந்தையும் அல்லவா?

பழைய சிக்கனம்

எதையும் வீசாமல் வாழ்ந்த பூமி இது. வீட்டு விசேஷங்களுக்குப் பண்டம் சுமந்தது பனை ஓலைக் கொட்டான். ஓட்டை விழுந்த குடத்துக்குப் பற்றவைப்பவர் தெருவுக்கே வந்தார்; பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் வந்தார். 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவி வந்தவரைக் கண்டு சிரித்தோம். மறு சுழற்சி என்று இன்று மாநாடு கூட்டிப் பேசுகிறார்களே, அதை அன்றைக்கே தலையில் சுமந்து தெருத்தெருவாக நடத்தியவர் அவர்தான்!

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். இடிபட்ட மாளிகைகளின் கதவும், நிலையும், தூணும், எனாமல் பாத்திரமும் அங்கே விலைக்கு நிற்கின்றன. மாளிகை இடிபடுவது வருத்தந்தான். எனினும் ஒரு பாடம் அங்கே இருக்கிறது. தேக்கு என்று தனியாகப் பிரித்து வைத்தால் விலை. மண்ணோடும் செங்கல்லோடும் கலந்து கொட்டினால் வெறும் இடிபாடு. குப்பைக்கும் அதே நியாயம். பிரித்தால் பொருள், கலந்தால் பிணி!

கலப்பவர் நாம், பிரிப்பவர் யார்?

நாம் பிரிக்காவிட்டாலும் யாரோ ஒருவர் பிரித்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒருவர் யார்? விடியுமுன் தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளர். நாம் எறிந்த உடைந்த கண்ணாடி அவர் கையைக் கிழிக்கிறது. சவரத் தகடு, ஊசி, குழந்தையின் அசுத்தத் துணி அனைத்தும் எச்சில் சோற்றோடு கலந்து அவர் விரல்களுக்கிடையே வருகின்றன. இன்ன சாதியில் பிறந்தாய், ஆகையால் துடைப்பத்தைப் பிடி என்று சொன்ன நாடு இது. 2020-இல் தமிழ்நாட்டில் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றப்பட்டது. நல்லது. பெயரை அரசு மாற்றியது; நம் வீட்டுக் கூடையை யார் மாற்றுவது? உழைப்பாளர் ஒற்றுமை பேசும் ஒருவன், இன்னோர் உழைப்பாளி வெறுங்கையால் கிளறும்படி குப்பையைக் கலந்து கொடுப்பானானால், அந்தப் பேச்சுக்கு என்ன பொருள்?

1996-இல் அல்மித்ரா படேல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாக, 2000-இல் நாடு முழுமைக்கும் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016-இல் வந்த விதிகள், மக்குவது, மக்காதது, வீட்டிலுள்ள அபாயக் கழிவு என வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மூன்றாவதில் அடங்கும் பாட்டரியைக் கவனியுங்கள். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில் இருக்கிறது. பாட்டரி ஆராய்ச்சியில் பேர் பெற்ற நிலையம் அது. அந்த ஊரிலேயே தீர்ந்து போன பாட்டரியை வாழைப்பழத் தோலோடு சேர்த்து எறிவது நமக்கு அழகா?

ஆலப்புழை செய்தது

முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஆலப்புழை பதில் சொல்லும். கேரளத்து அந்த நகரம் தன் குப்பையைப் பக்கத்துச் சர்வோதயபுரத்தில் கொட்டி வந்தது. 2012-இல் அவ்வூர் மக்கள், 'உங்கள் குப்பைக்கு எங்கள் ஊரா?' என்று வண்டிகளை மறித்தார்கள். தெருவெல்லாம் குப்பை தேங்கிற்று. நகரம் பாடம் கற்றது. சட்டமன்ற உறுப்பினராயிருந்த தாமஸ் ஐசக் முன்னின்று இயக்கம் நடத்தினார். வீடுகளில் குழாய் உரக் கலமும் சாண எரிவாயுக் கலமும் வந்தன. வீட்டில் இடமில்லாதவர்களுக்காகத் தெருமுனைகளில் காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகள் எழுந்தன. காற்றுப் பட மக்கும் குப்பை நாறுவதில்லை, அதுதான் சூட்சுமம். 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அந்நகரை உலகுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது. பெரும் எந்திரம் சாதித்ததல்ல அது. வீடு வீடாக ஏறி இறங்கிய தொண்டர்களின் கால்கள் சாதித்தது!

இரண்டு கேள்விகள்

'நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே' என்பார்கள் சிலர். நியாயமான கேள்வி! அதைத் திண்ணையில் கேட்டுப் பயனில்லை. வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். மாநகராட்சியில் மனுக் கொடுத்துக் கேளுங்கள். வண்டியில் தனித்தனித் தொட்டி வேண்டும், பணியாளருக்குக் கையுறை வேண்டும், முழுக் கூலி வேண்டும் என்று கேளுங்கள். பிரித்துக் கொடுத்துவிட்டுக் கேட்பவன் குரலுக்கு வலு உண்டு.

'பாக்கெட்டும் பையும் செய்து தள்ளும் முதலாளியை விட்டுவிட்டு, ஏழையின் கூடையைச் சோதிப்பதா?' என்பார்கள் வேறு சிலர். இதுவும் நியாயமே. செய்து விற்றவனே திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. அதை நிறைவேற்றக் கோரிப் போராடுவோம். ஆனால் முதலாளி திருந்தும் வரை நம் தெரு ஊரணியின் வரத்துக்காலைப் பையால் அடைத்து வைப்போமா? தேங்காய்ச் சிரட்டையிலும் வீசிய குவளையிலும் தேங்கும் மழைநீரில் டெங்குக் கொசு முட்டையிடுகிறதே, அது முதலாளி வீட்டு விலாசத்தை விசாரித்துக் கொண்டா கடிக்கப் போகிறது?

நம் கடமை

2019 ஜனவரி முதல் நாள், 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அந்தப் பட்டியலில் தண்ணீர்ப் பாக்கெட் உண்டு. பிளாஸ்டிக் கொடியும் உண்டு! எந்தக் கட்சியின் கூட்டமாயினும் சரி, ஊருக்கு வழிகாட்ட வந்தவர்கள் தாங்கள் நின்ற திடலைத் துப்புரவாக விட்டுச் செல்ல வேண்டாமா? தண்ணீருக்குப் பானையும் குவளையும், கொடிக்குத் துணி, கூட்டம் கலைந்ததும் துடைப்பத்தோடு பத்துத் தோழர்கள் என்பது வழக்கமாகட்டும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. பட்டிக்காட்டான் அடையாளம் என்று ஒரு காலத்தில் ஏளனம் செய்தார்களே, அந்த மஞ்சள் பையைத் தலை நிமிர்ந்து தூக்குவோம்!

வீட்டிலே இரண்டு கூடைகளும் ஒரு சிறு பெட்டியும் வையுங்கள். மக்குவது ஒன்றில், காகிதம், இரும்பு, பிளாஸ்டிக் மற்றொன்றில், பாட்டரியும் பல்பும் பெட்டியில். கண்ணாடித் துண்டைத் தாளில் சுற்றித் தனியே கொடுங்கள். கொல்லை உள்ளவர் குழி வெட்டட்டும்; இல்லாதவர் ஓட்டையிட்ட மண்பானையில் காய்ந்த சருகும் காய்கறித் தோலுமாக அடுக்கி எரு ஆக்கட்டும். படிப்பகம் தோறும் இதைப் பேசுங்கள். தெருவுக்கு இருவர் பொறுப்பேற்று, எத்தனை வீடுகள் பிரிக்கின்றன, எத்தனை வீடுகள் பிரிக்கவில்லை என்று ஏட்டில் எழுதுங்கள்.

கடல் கடந்த காலணாவுக்குக் கணக்கு வைத்த ஊருக்கு, காலடியில் கிடக்கும் குப்பைக்குக் கணக்கு வைப்பது அரிய காரியமா? நாளை விடியும்போது தூய்மைப் பணியாளரின் வண்டி நம் வாசலுக்கு வரும். பிரித்த கூடையோடு நிற்போம், தோழர்களே!